ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டில் இணைந்த பிறகு நாடாளுமன்றக் கண்காணிப்பு எங்கே நடக்கிறது?

பொருநைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் இயங்கும் ரயில் பயணிகள் சங்கத்தில் நான் உறுப்பினர். வரும் கூட்டத்தொடருக்கு முன்பாக எங்கள் மக்களவை உறுப்பினரைச் சந்தித்து ஒரு விண்ணப்பம் அளிக்கத் தீர்மானித்திருக்கிறோம். இத்தகைய விண்ணப்பங்கள் வழக்கமாக, இந்த வண்டி எங்கள் ஊரில் நிற்க வேண்டும், அந்த வண்டியை எங்கள் ஊர் வரை நீட்டிக்க வேண்டும் என்பதோடு முடிந்துவிடும். இம்முறை அதோடு நிற்காமல், ரயில்வே பற்றிய அரசின் கொள்கையையும் செலவையும் அவர் அவையில் முறையாகக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்று கோர விரும்புகிறோம். அதற்காகப் படிக்கத் தொடங்கியபோது சில ஐயங்கள் எழுந்தன.

ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வொர்த் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1924-இல் ரயில்வே கணக்கு பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டது. அப்போது தொடங்கி, 2016 பிப்ரவரி 25 அன்று அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு வாசித்த அறிக்கை வரையில் ரயில்வேக்கென்று தனி பட்ஜெட்டும் தனி விவாதமும் இருந்தன. 2017 முதல் எல்லாம் பொது பட்ஜெட்டுக்குள் அடங்கிவிட்டன. நிதியமைச்சரின் உரையில் ரயில்வேக்குக் கிடைப்பது சில வரிகள்தான். அதன் பிறகு ரயில்வே அமைச்சர் செய்தியாளர்களிடம் மாநிலவாரியாகத் தொகையை அறிவிக்கிறார். தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் 6,362 கோடி ரூபாய், 2025-26-இல் 6,626 கோடி ரூபாய் என்று நாமும் கேட்டோம். எந்தப் பாதைக்கு எவ்வளவு என்பதை அறிய, திட்டவாரி ஒதுக்கீட்டைக் காட்டும் பிங்க் புக் என்ற ஆவணம் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நான் தெளிவு பெற விரும்புவது இதுதான். இந்த இணைப்பால் நாடாளுமன்றம் உண்மையில் அதிகாரத்தை இழந்ததா, அல்லது ஒரு நாள் நடக்கும் நிகழ்ச்சி மட்டும்தான் போயிற்றா? நிலைக்குழு, பொதுக் கணக்குக் குழு என்று சொல்கிறார்களே, அவை உண்மையில் எதைச் சாதிக்கின்றன? ஓர் உறுப்பினரிடம் பயனுள்ள முறையில் எதைக் கேட்கச் சொல்லலாம்? இத்துறைகளை அறிந்தவர்கள் வழிகாட்டினால் சங்கத்தின் சார்பில் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு எழுதிய பதில்:

ஐயா, வணக்கம். நிகழ்ச்சி மட்டும் போகவில்லை, வாக்களிப்பில் இருந்த நுணுக்கமும் போயிற்று என்பதுதான் என் கருத்து. அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால் இந்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பொதுவெளி விவாதங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இன்ன செலவுக்கு இவ்வளவு தொகை வேண்டும் என்று அரசு அவையின் ஒப்புதலைக் கேட்பதே மானியக் கோரிக்கை. இணைப்புக்கு முன் ரயில்வேக்கு 16 மானியக் கோரிக்கைகள் இருந்தன. தண்டவாளங்கள், கட்டுமானங்கள் ஆகியவற்றின் பழுதுபார்ப்பும் பராமரிப்பும் 4-ஆவது கோரிக்கையில் வரும். பயணிகள் பெட்டிகளும் சரக்கு வேகன்களும் 6-ஆவது, எரிபொருள் 10-ஆவது, புதிய சொத்துகளை வாங்குவதும் கட்டுவதும் பழையவற்றை மாற்றுவதும் 16-ஆவது. ஒவ்வொரு கோரிக்கையும் மக்களவையின் தனித்தனி ஒப்புதலைப் பெற்றது. தண்டவாளப் பராமரிப்புக்கென்று அவை அனுமதித்த பணத்தை எரிபொருளுக்குத் திருப்ப ரயில்வே வாரியத்துக்கு உரிமை இல்லை. கூடுதல் தொகை தேவைப்பட்டால் துணை மானியக் கோரிக்கையோடு மீண்டும் அவையின் முன் வந்தாக வேண்டும். இப்போது அமைச்சகம் முழுவதற்கும் ஒரே கோரிக்கை. வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு ஆகிய இரண்டுக்கும் இடையே மட்டுமே அவையின் ஒப்புதல் குறுக்கே நிற்கிறது. ஒரு பிரிவுக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றுவதை, வகுக்கப்பட்ட வரம்புகளுக்கு உட்பட்டு, நிர்வாகமே செய்துகொள்ளலாம். விவரங்கள் மறைக்கப்பட்டுவிட்டன என்று நான் சொல்லவில்லை. அவை பட்ஜெட் ஆவணங்களில் இருக்கின்றன. ஆனால் ஒரு தொகை ஆவணத்தில் அச்சாகியிருப்பதும் அவையின் வாக்கால் கட்டுண்டிருப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது இழப்பு விவாத நேரம். தனி பட்ஜெட் இருந்த காலத்தில், அமளியால் அவை முடங்கிய ஆண்டுகள் நீங்கலாக, ரயில்வேக்கென்று விவாதம் நடந்தது. இன்று எந்தெந்த அமைச்சகங்களின் கோரிக்கைகளை விவாதிப்பது என்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவை கில்லட்டின் முறையில் ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விடப்படுகின்றன. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ரயில்வே விவாதத்துக்கு வந்தது. ஆனால் 2018-இலும் 2023-இலும் எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமலே முழு பட்ஜெட்டும் நிறைவேறியது. லட்சக்கணக்கான கோடி ரூபாய்ச் செலவு ஒரு சொல்கூடப் பேசப்படாமல் அனுமதி பெற்றதை, கணக்கோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு ஏற்க முடியவில்லை.

தஞ்சைத் தடம் எழுதிய பதில்:

அம்மா சொல்வதில் விவரப் பிழை எதுவும் இல்லை. எனினும் இணைப்பை நான் ஆதரிக்கிறேன், அதற்கான காரணத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தனி பட்ஜெட் நாளில் அவை செய்தது பெரும்பாலும் கண்காணிப்பு அன்று. எந்த ஊருக்குப் புதிய வண்டி என்பதே அன்றைய பேச்சாக இருந்தது. அமைச்சராக வருபவர் தம் மாநிலத்துக்குத் திட்டங்களை அறிவிப்பார், பணம் ஒதுக்கப்படாது, அடுத்த அமைச்சர் தம் பங்குக்கு மேலும் சிலவற்றைச் சேர்ப்பார். பல பத்தாண்டுகளாக முடியாமல் கிடக்கும் புதிய பாதைத் திட்டங்கள் இந்தப் பழக்கத்தின் விளைவுதான். பிபேக் தேப்ராயும் கிஷோர் தேசாயும் அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கில் தயாரித்த அறிக்கை, தனி பட்ஜெட்டைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்ததில் எனக்கு உடன்பாடு உண்டு.

ஆனால் இணைப்பின் பயனாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அதைத் திருத்த வேண்டும். ரயில்வே பொது நிதிக்கு ஆண்டுதோறும் கட்டிவந்த ஏறத்தாழ 9,700 கோடி ரூபாய் ஈவுத்தொகை மிச்சமாயிற்று என்பது அந்த வாதம். அதே அளவுக்குப் பட்ஜெட் ஆதரவு, அதாவது பொது நிதியிலிருந்து ரயில்வேக்கு அரசு தரும் பணம், குறைக்கப்படும் என்று 2016 செப்டம்பரில் அமைச்சரவை எடுத்த முடிவிலேயே இருந்தது. ஆகவே அது கணக்கு மாற்றம் மட்டுமே. உண்மையான மாற்றம் பிறகு வந்தது. 2016-17 பட்ஜெட்டில் 45,000 கோடி ரூபாயாக இருந்த அரசின் மூலதன ஆதரவு, 2025-26-இல் 2,52,000 கோடி ரூபாயாகியிருக்கிறது. ரயில்வேயின் மூலதனச் செலவில் மிகப் பெரும் பகுதி இன்று நேரடியாக வரிப்பணம்.

என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தன் வருவாயில் ஒரு பங்கைப் பொது நிதிக்குச் செலுத்திய நிறுவனமாக ரயில்வே இருந்தபோது அதற்கு 16 கோரிக்கைகளும் தனி விவாதமும் இருந்தன. பொது நிதியிலிருந்து இத்தனை பெரிய தொகையைப் பெறும் நிலையில் ஒரே கோரிக்கைதான் இருக்கிறது. இணைப்பு சரி என்று கருதுகிறவர்களே இதை முதலில் கேட்க வேண்டும். கோரிக்கையைக் குறைந்தபட்சம் பாதுகாப்பும் பராமரிப்பும், இயக்கம், புதிய கட்டுமானம் என்று மூன்றாகப் பிரித்து வாக்குக்கு விட எந்தத் தடையும் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு இன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் இருக்கின்றன.

அத்தியாயம்4 எழுதிய பதில்:

குழுக்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை ஆய்வுக்காகத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் தொடங்கப்பட்டன. ரயில்வே நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். அமைச்சர்கள் இதில் இடம்பெற முடியாது. 15-ஆவது மக்களவையில் டி. ஆர். பாலு இதன் தலைவராக இருந்தார். 2024-இல் சி. எம். ரமேஷ் தலைவரானார். குழு, மானியக் கோரிக்கையை ஆராய்கிறது, ரயில்வே வாரியத் தலைவரையும் உறுப்பினர்களையும் அழைத்து விசாரிக்கிறது, அறிக்கை அளிக்கிறது. அன்றாட நிர்வாகத்தில் பொதுவாகத் தலையிடுவதில்லை என்பது விதி. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. தக்க ஆலோசனையாகக் கருதப்பட வேண்டும் என்ற அளவுதான்.

இதைக் கேட்டதும் குழு பயனற்றது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்று நான் நினைக்கிறேன். அறிக்கை வந்த மூன்று மாதங்களுக்குள் அரசு ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தது என்று பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு மீண்டும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது, அதுதான் நடவடிக்கை அறிக்கை. அதில் இரண்டாம் அத்தியாயம் அரசு ஏற்ற பரிந்துரைகள். மூன்றாம் அத்தியாயம் அரசின் பதிலைக் கேட்டபின் குழு வலியுறுத்த விரும்பாதவை. நான்காம் அத்தியாயம் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை. ஐந்தாம் அத்தியாயம் இறுதிப் பதில் வராதவை. நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை மட்டும் படித்தாலே அரசும் நாடாளுமன்றமும் எங்கே மோதுகின்றன என்பது விளங்கிவிடும். ஆளும் கட்சியினரே பெரும்பான்மையாக உள்ள ஒரு குழு, தன் அரசின் பதிலை ஏற்க மறுத்து எழுதுவது சிறிய செய்தி அன்று. அதைப் பத்திரிகைகளும் கட்சிகளும் கவனிப்பது மிகக் குறைவு.

மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதான ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த சலுகை 2020 மார்ச்சில், கொரோனா பரவிய நேரத்தில் நிறுத்தப்பட்டது. ராதா மோகன் சிங் தலைமையில் இருந்த நிலைக்குழு, குறைந்தது படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலுமாவது அதை மீண்டும் அளிக்கப் பரிசீலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அவையில் தந்த பதில், எல்லாப் பயணிகளுக்குமே கட்டணத்தில் மானியம் இருக்கிறது, 2019-20-இல் அது 59,837 கோடி ரூபாய், சராசரியாக ஒரு பயணிக்கு 53 விழுக்காடு என்பதாக இருந்தது. கவனியுங்கள், கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று. படுக்கை வசதிப் பெட்டிக்கு மட்டும் சலுகை தந்தால் எவ்வளவு செலவாகும் என்பதல்லவா குழுவின் பரிந்துரையிலிருந்து இயல்பாக எழும் கேள்வி? அதைத் துணைக்கேள்வியாக எழுப்பி, பதில் வரும் வரை விடாமல் பின்தொடர்வதே ஓர் உறுப்பினர் செய்யக்கூடிய வேலை.

மற்றொன்றும் உண்டு. நிலைக்குழுப் பரிந்துரைகள் எந்த நிலையில் உள்ளன என்று அமைச்சர் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்பது மக்களவைத் தலைவரின் 73ஏ வழிகாட்டுதல். அது பெரும்பாலும் மேசையில் வைக்கப்பட்டதோடு முடிந்துவிடுகிறது.

செங்கொடி முனை எழுதிய பதில்:

பாதுகாப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என்னைப் பொறுத்தவரை கண்காணிப்பின் உண்மையான சோதனை அங்குதான்.

2017-18-இல் ராஷ்ட்ரீய ரயில் சங்கரக்ஷா கோஷ் என்ற பாதுகாப்பு நிதியம் உருவாக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 1 லட்சம் கோடி ரூபாய் திட்டம். ஆண்டுக்கு 15,000 கோடியை அரசும் 5,000 கோடியை ரயில்வே தன் வருவாயிலிருந்தும் தர வேண்டும். சிஏஜி என்று நாம் சொல்லும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தடம்புரள்வு பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. முதல் நான்கு ஆண்டுகளில் ரயில்வே தர வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி வரவில்லை என்று அது கண்டறிந்தது. முன்னுரிமை இல்லாத வேலைகளுக்கு அந்த நிதியத்திலிருந்து செலவிடப்பட்ட பங்கு கூடிக்கொண்டே போனதையும், தண்டவாளத்தைச் சோதிக்கும் வண்டிகளின் ஆய்வு பல இடங்களில் உரிய அளவில் நடக்காததையும் அது பதிவு செய்தது.

அறிக்கை அவையின் மேசைக்கு வந்து ஆறு மாதங்கள் ஆவதற்குள், 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹனகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளாகி ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அது தண்டவாளக் கோளாறு அன்று, சிக்னல் கோளாறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் பராமரிப்பும் ஆய்வும் பற்றிய எச்சரிக்கை அவையிடம் ஏற்கெனவே இருந்தது, அதை அவை விவாதிக்கவில்லை என்பதை மறக்கவும் கூடாது. விபத்தின் காரணம் அவைக்கு வந்தது ஜூலையில் மாநிலங்களவையில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விக்கு அமைச்சர் அளித்த எழுத்துபூர்வமான பதில் வழியாகத்தான். நிலையத்தின் வடக்கு சிக்னல் அறையில் முன்பு செய்யப்பட்ட இணைப்பு மாற்றத்திலும், 94-ஆம் எண் கடவுப்பாதையின் மின்தடுப்பை மாற்றியபோதும் நேர்ந்த தவறுகள் என்று அதில் சொல்லப்பட்டது. கேள்வி நேரத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமைப்பில் உள்ள ஒரு பிளவையும் குறிப்பிட வேண்டும். விபத்துகளை விசாரிக்கும் ரயில் பாதுகாப்பு ஆணையம், ரயில்வேயின் பிடியில் இருக்கக் கூடாது என்பதற்காகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் இதனால் ஆணையத்தின் ஆள்பலமும் நிதியும் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டு நிலைக்குழுவின் முன் வருகின்றன. ஆணையம் சொல்வதை நிறைவேற்ற வேண்டிய ரயில்வே வாரியமோ ரயில்வே நிலைக்குழுவின் முன் வருகிறது. ஆணையரின் பரிந்துரைகளில் எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை தள்ளப்பட்டன என்பதை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு இயல்பாக எந்தக் குழுவிடமும் வந்து சேர்வதில்லை.

புதிய பாம்பன் பாலத்தை நாம் அனைவரும் அறிவோம். 2024 நவம்பரில் அதை ஆய்வு செய்த பாதுகாப்பு ஆணையர், திட்டமிடலிலும் வடிவமைப்பிலும் குறைகளைச் சுட்டி, வண்டிகளுக்கு மணிக்கு 75 கிலோமீட்டர் வேகமும் தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகமும் என வரம்பிட்டார். அமைச்சகம் ஐவர் குழு ஒன்றை அமைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. ஆணையர் எழுப்பிய ஒவ்வொரு குறைக்கும் தீர்வு என்ன என்று வரிசையாகக் கேட்பது தமிழ்நாட்டு உறுப்பினர்களின் கடமை.

1956-இல் அரியலூர் விபத்துக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை ஒவ்வொரு விபத்தின் போதும் நினைவுகூர்கிறோம். அந்த நேர்மையை நானும் மதிக்கிறேன். ஆயினும், அமைச்சர் விலகுவதைவிட விசாரணை அறிக்கை முழுவதும் அவையில் வைக்கப்பட்டு விவாதிக்கப்படுவதுதான் அடுத்த வண்டியில் ஏறுபவருக்கு உதவும்.

தேம்ஸ்வாசி எழுதிய பதில்:

பிரிட்டனில் வசிப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுகிறேன். 2018 மே மாதம் இங்கே புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்து, வடக்கு இங்கிலாந்திலும் லண்டனைச் சுற்றியும் ரயில் சேவை வாரக்கணக்கில் நிலைகுலைந்தது. பிரிட்டன் மக்களவையின் போக்குவரத்துக் குழு ரயில் நிறுவனத்தாரையும் போக்குவரத்து அமைச்சரையும் அழைத்து விசாரித்தது. விசாரணை நேரலையில் ஒளிபரப்பானது, ஒவ்வொரு சொல்லும் எழுத்து வடிவில் வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிக்கை வந்தது. இந்தியாவில் நிலைக்குழு விசாரணை மூடிய அறையில் நடக்கிறது, நடைமுறையில் அமைச்சர் அழைக்கப்படுவதும் இல்லை. மூடிய அறையில் கட்சி வேறுபாடின்றிப் பேச முடிகிறது என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது, அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பயணிகள் சங்கங்கள் விசாரணையைப் பின்தொடர்ந்து, விடுபட்டவற்றைக் குழுவுக்கு எழுதி அனுப்பும் வாய்ப்பு அதனால் இல்லாமல் போகிறது. விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கைகளும் இங்கே முழுமையாக வெளியிடப்படுகின்றன.

பொருநைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் விண்ணப்பத்தின் வடிவமே மாறிவிட்டது. வண்டி நிறுத்தக் கோரிக்கைகளைத் தனித்தாளில் வைத்துக்கொண்டு, உறுப்பினரிடம் மூன்று செயல்களைக் கேட்க எண்ணுகிறோம்: ரயில்வே நிலைக்குழுவின் கடைசி அறிக்கைகளில் நான்காம் அத்தியாயத்தில் உள்ளவை பற்றிக் கேள்வி எழுப்புவது, பாதுகாப்பு நிதியத்துக்கு ரயில்வே தர வேண்டிய பங்கு 2017-18 முதல் ஆண்டுவாரியாக எவ்வளவு வந்தது என்று கேட்பது, மானியக் கோரிக்கையைப் பிரித்து வாக்குக்கு விடும்படி விவாதத்தில் வலியுறுத்துவது. இவற்றை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்கச் சொல்வதா, குறியிடாததாகவா?

அத்தியாயம்4 எழுதிய பதில்:

ஐயா, நிதியத்தின் ஆண்டுவாரிக் கணக்கைக் குறியிடாத கேள்வியாகவே கேளுங்கள். பட்டியல் எழுத்தில் கிடைப்பதுதான் உங்களுக்குத் தேவை. வாய்மொழிப் பதிலும் துணைக்கேள்வியும் வேண்டியது குழுவின் பரிந்துரைகளுக்குத்தான், ஆகவே அதை நட்சத்திரக் குறியிட்டதாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விகளே அந்தப் பட்டியலில் இடம்பெறும், அதுவும் குலுக்கலில். எனவே ஒரே உறுப்பினரை நம்பாமல் அண்டைத் தொகுதி உறுப்பினர்களிடமும் அதே கேள்வியைக் கொடுங்கள். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், குழுவின் பரிசீலனையில் நிலுவையில் உள்ள பொருளைப் பற்றியதாக இருந்தால் பொதுவாக ஏற்கப்படாது. ஆதலால் நடவடிக்கை அறிக்கை வெளியாகிவிட்ட பரிந்துரைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையைப் பிரிப்பது பற்றிய கருத்துக்குக் கேள்வி நேரம் பொருந்தாது. மானியக் கோரிக்கையின் மீது 100 ரூபாய் அடையாள வெட்டுத் தீர்மானம் ஒன்றை, அதாவது ஒரு குறையைச் சுட்டி அத்தொகையில் 100 ரூபாயைக் குறைக்கக் கோருவதை, உறுப்பினர் கொடுத்தால், அது தோற்றாலும் அக்குறை அவைக் குறிப்பில் ஏறும்.

பேரேடு எழுதிய பதில்:

நிதியம் பற்றிய கேள்வியில் “ஆண்டுவாரியாக, அரசின் பங்கு தனியாக, ரயில்வேயின் சொந்தப் பங்கு தனியாக, திட்டமிட்ட தொகையும் உண்மையில் செலுத்திய தொகையும்” என்ற சொற்களை அப்படியே சேர்த்துவிடுங்கள். பிரித்துக் கேட்காவிட்டால் மொத்தத் தொகை ஒன்றை மட்டும் பதிலாகத் தருவார்கள், ரயில்வே தராமல் விட்டது அதற்குள் மறைந்துவிடும். 2022-23 முதல் நிதியம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருப்பதால், இரண்டு காலத்தையும் தனித்தனியே கேட்பது அவசியம்.